பட்டியலில் இல்லாத நாள்

மார்ச்சு மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் அலையாத்திக் காட்டின் மதகு மூடியிருந்தது. அன்று மாலை என் கைக்கு வந்த அரசு அறிக்கையோ, அக்காட்டுக்குள் கடலேற்றத்தில் வரும் ஓதநீர் தங்குதடையின்றிச் சென்று வருகிறது என்று கூறியது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. அந்த அறிக்கையின் அடியில் கையெழுத்திட வேண்டியவள் என் மருமகள். இதுவே என் முறையீடு.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தியவன். ஓய்வுபெற்ற பின் மகன் வீட்டில் இருக்கிறேன். மகன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மருமகள், கடலோரக் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களின் வழியே கண்காணிக்கும் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். ஐந்து நாளைக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில், ஒரு செயற்கைக்கோள் எங்கள் ஊரின் மேலே கடந்து போகிறது. அது அனுப்பும் படத்தைக் கொண்டு, எந்தப் பகுதியில் மரங்கள் நலமாக உள்ளன, எங்கே வாடுகின்றன, காட்டுக்குள் நீர் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் அவள் மேசையில் அமர்ந்தபடியே சொல்லிவிடுவாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இறால் பண்ணை, காட்டுக்கு நீர் கொண்டுசெல்லும் ஓடையின் குறுக்கே கரை எழுப்பிச் சாலை போட்டது. மரங்களுக்கு நாள்தோறும் ஓதநீர் ஏறி இறங்க வேண்டும் என்பதால், கரையில் ஒரு மதகு வைத்து அதை எந்நேரமும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது அரசு விதித்த கட்டளை. ஓதம் ஏறினால் பண்ணைக் குளங்களின் கரை கரைகிறது. ஆகவே மதகை மூடிவைப்பதில்தான் பண்ணைக்கு வசதி. இப்போது அதே பண்ணை இரண்டாவது கரை ஒன்றையும் கேட்கிறது. காடு நலமாக உள்ளது, பாதிப்புக்கு உள்ளாகும் நிலை குறைவு என்று என் மருமகள் மார்ச்சு இருபதாம் நாளுக்குள் கையெழுத்திட்டால் அனுமதி கிடைத்துவிடும். அதன்பின் மிச்சக் காடும் வறண்டால், புயல் நாளில் கடலுக்கும் எங்கள் வாசற்படிக்கும் நடுவே நிற்பதற்கு எதுவும் இராது.

நான் நாள்தோறும் காலையில் அந்தக் கரைமீது நடப்பவன். பார்த்ததைத் தேதியிட்டுக் குறித்துவைப்பது என் வழக்கம். முதலாண்டில் நான் கண்ட நாளெல்லாம் மதகு திறந்திருந்தது. கடந்த ஓராண்டாக நான் கண்ட நாளெல்லாம் மூடியிருக்கிறது. பண்ணைக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். ‘நாள்தோறும் பிற்பகலில் திறக்கிறோம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. போகட்டும், மேலேயிருந்து பார்க்கும் கண் பொய் சொல்லாது, ஆண்டறிக்கை வரட்டும் என்று பொறுத்திருந்தேன்.

ஆண்டறிக்கை வந்தது. அதன் தமிழ்ச் சுருக்கத்தை அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுப்பது நான்தான். முதல் இரண்டு பக்கங்களில் ஒருமை பன்மை மயக்கம் பதினொன்று. எழுவாய் இல்லாமல் தவிக்கும் வாக்கியங்கள் நான்கு. சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே பிழையே இல்லாத ஒரு வாக்கியம் இருந்தது: ‘ஆண்டு முழுவதும் மேகமின்றிக் கிடைத்த முப்பத்தொரு படங்களிலும் கரைக்கு உட்புறத்தில் நீர் காணப்பட்டது.’ பேனாவை மூடி வைத்தேன்.

இரவு உணவின்போது கேட்டேன்.

“ஏம்மா, முப்பத்தொண்ணுலயும் தண்ணி இருந்துதா?”

“எந்த முப்பத்தொண்ணு மாமா?”

“உன் அறிக்கையில. மூணாம் பக்கம்.”

“இருந்துது மாமா.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் பார்க்கிறப்ப எல்லாம் மதகு மூடியிருக்கே?”

“நீங்க ஏழு மணிக்குப் பார்க்கிறீங்க. சாட்டிலைட் பத்தரைக்குப் பார்க்குது.”

“அந்த மூணு மணி நேரத்துல என்ன ஆயிடும்?”

மகன் குறுக்கே புகுந்தான். “மூணு மணி நேரம் சும்மாவாப்பா? என் கடைக்கு வர்ற ஆளு கண்ணு செக் பண்ணி, கண்ணாடி மாட்டி, வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிய முதல் தடவையா ஒழுங்காப் பார்த்து, ஒரு சண்டையும் போட்டு முடிச்சிருப்பாரு.”

“உன்னை யாரும் கேட்கல.”

“கேட்க மாட்டீங்க. நான் பார்வை சம்பந்தப்பட்ட ஆளாச்சே.”

மருமகள் சிரிக்கவில்லை. வழக்கமாக அவன் சொல்லும் மொக்கைக்கும் சிரிப்பவள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், சமையலறை வாசலில் நின்று திரும்பினாள்.

“மாமா, போன வருஷம் ஒரு பட்டியல் எழுதி ஒட்டினீங்களே, சாட்டிலைட் வர்ற நாளெல்லாம் போட்டு? எத்தனை இடத்துல ஒட்டினீங்க?”

“நாலு இடத்துல. ஏன்?”

“சும்மாதான்.”

‘சும்மா’ என்று பதில் சொன்ன எவரையும் நான் அந்தச் சொல்லோடு விட்டுவிட்டதில்லை. ஆயினும் அன்று விட்டேன். அவள் குரல் அப்படி இருந்தது.

அந்தப் பட்டியல் பற்றிச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் எந்தெந்த நாளில் நம்மைப் பார்க்கிறது என்பது பொதுமக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்பது மாதங்கள் மனுமேல் மனு எழுதி, சென்ற ஆண்டு பிப்ரவரியில் தேதிகளை வாங்கினேன். ‘கண்காணிப்பு நாள்கள்’ என்று தலைப்பிட்டு, சிவப்புக் கோடு போட்டு, ஈராண்டுக்கான நூற்று நாற்பத்தாறு தேதிகளையும் என் கையாலேயே எழுதி, நூலகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் குடிநீர் அலுவலகத்திலும் மதகடியிலும் ஒட்டினேன். மதகடித் தாள் மறுவாரமே காணாமற்போனது; காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன். தவறு செய்ய நினைப்பவன் தன்னை ஒரு கண் பார்க்கிறது என்று அறிந்தால் அஞ்சுவான் என்பது என் எண்ணம். அந்தப் பட்டியல்மேல் மருமகளின் அலுவலகத்துக்கு எரிச்சல் இருந்திருக்கக்கூடும் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் என் மனம் ஒவ்வொன்றாகக் கோக்கத் தொடங்கியது. பிப்ரவரி பதினெட்டாம் நாள் மாலை அவள் வீடு திரும்பியது பண்ணையின் ஜீப்பில். நான் சன்னலிலிருந்து பார்த்தேன். கதவில் இறால் படம் வரைந்திருந்தது. ‘யார் கொண்டுவந்து விட்டார்கள்?’ என்று கேட்டதற்கு, ‘வேலை விஷயமா மாமா’ என்று பிடி கொடுக்காமல் உள்ளே போனாள். அன்று முதல், நான் அறைக்குள் நுழைந்தால் மடிக்கணினியை மூடுவாள். மார்ச்சு ஐந்தாம் நாள் காலை, துணி உலர்த்தும் மாடத்தில் அவள் தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது.

“இல்ல சார்… எனக்கு ரொம்ப வேண்டியவங்க. அதனாலதான் யோசிக்கிறேன். கையெழுத்துப் போடறதைப் பத்தி இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க.”

ஒட்டுக்கேட்பது இழிவு என்று வகுப்பில் சொன்னவன் நான். வாளியைக் கையில் பிடித்தபடி, மூச்சுக் காட்டாமல் நின்று முழுவதும் கேட்டேன்.

இவள் எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பெண். என் மனைவி நோய்ப்படுக்கையில் கிடந்தபோது, மகனைவிட அதிகமாக அருகே இருந்து பார்த்தவள். அவளைச் சந்தேகிக்க எனக்கே நாணமாக இருந்தது. ஆயினும் முப்பத்தொரு படம், ஜீப், தொலைபேசி, மூடப்படும் கணினி: இவை நான்கையும் சேர்த்தால் வேறென்ன விடை வரும்?

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் அறைக் கதவைத் தட்டி, “அந்தப் படங்களை நான் பார்க்கலாமா?” என்று நேரடியாகவே கேட்டேன். சிறிது தயங்கினாள். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

திரையில் காடு இரத்தச் சிவப்பாக இருந்தது.

“என்னம்மா இது, தீப்பிடிச்ச மாதிரி?”

“சிவப்புன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் மாமா. ஆரோக்கியமான இலை நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதை நாங்க சிவப்பாப் போட்டுப் பார்ப்போம். இலை வாடினா சிவப்பு மங்கும்.”

“நான் சிவப்புப் போட்டா தப்புன்னு அர்த்தம். உங்க தொழில்ல தலைகீழ்.”

“தண்ணி இருக்கிற இடம் கறுப்பாத் தெரியும். பாருங்க.”

முப்பத்தொரு படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். கரைக்கு வெளியே, கடற்பக்கத்துச் சேற்றுத் திட்டு ஒரு படத்தில் நீருக்குள் மூழ்கியிருந்தது. அடுத்ததில் வெளிறிய தரையாகக் கிடந்தது. அதற்கடுத்ததில் பாதி மூழ்கியிருந்தது. கரைக்கு உள்ளே மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே கறுப்பு. சிவப்பும் ஆண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட இப்போது சற்று மங்கியிருந்தது.

“இது ஏன் மங்குது?”

“தண்ணி நல்லாப் போகுதே, அதனால இது வெறும் கோடைக்கால வாட்டம்தான்னு எங்க டைரக்டர் சொல்றார்.”

“நீ என்ன சொல்ற?”

கணினியை மூடினாள். “தலை வலிக்குது மாமா. அப்புறம் பார்க்கலாமா?”

அன்று பிற்பகல் நான் உறங்கவில்லை. ஒவ்வொரு தேர்விலும் ஒரே மதிப்பெண் வாங்கும் மாணவனை எந்த ஆசிரியனும் கவனிக்காமல் விடமாட்டான். ஓதம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி ஏறும். ஐந்து நாளில் அது நான்கு மணி நேரத்துக்கும் மேலாகிறது. அப்படியானால் ஒரு படத்தில் பத்தரை மணிக்கு நீர் நிறைந்திருந்தால், அடுத்த படத்தில் அதே பத்தரை மணிக்கு வற்றியிருக்க வேண்டும். வெளியே இருந்த சேற்றுத் திட்டு அப்படித்தான் இருந்தது. உள்ளே மட்டும் எப்போது பார்த்தாலும் நூற்றுக்கு நூறு.

அப்போதுதான் எங்கள் பள்ளி நினைவுக்கு வந்தது. ஆய்வாளர் வரும் நாள் எங்களுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். கரும்பலகைக்குப் புதிதாகக் கரி பூசுவோம். ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவைகளைப் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கி அடுக்குவோம். வராத பிள்ளைகளின் இடத்தில் அடுத்த வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து வருகை நூறு விழுக்காடு காட்டுவோம். ஆய்வாளர் வண்டி தெருமுனை திரும்பியதும் குடுவைகள் திரும்பிப் போகும். நானும் அந்தக் குடுவைகளைச் சுமந்திருக்கிறேன். இருபது ஆண்டுகள் எங்கள் பள்ளி ஆய்வறிக்கையில் ‘மிக நன்று’ வாங்கியது.

பத்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு மதகுக்குப் போனேன். பட்டியலில் அந்த நாள் இல்லை. மதகு மூடியிருந்தது. பலகையின் விளிம்பில் சிலந்தி வலை பின்னத் தொடங்கியிருந்தது.

பதினொன்றாம் நாள், புதன்கிழமை, பட்டியலில் உள்ள நாள். வானில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மதகு முழுவதும் திறந்திருந்தது. கடற்பக்கத்தில் ஓதம் வற்றிச் சேறு தெரிந்தது. காட்டுக்குள்ளோ நீர் பளபளத்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பம்பு ஓடும் சத்தம் கேட்டது.

மதகுக் காவலரை ஊரில் ‘நங்கூரம்’ என்பார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் எழமாட்டார். காவலறை வாசலில் அப்படியே அமர்ந்திருந்தார்.

“வாங்க வாத்தியாரய்யா! என்ன அதிசயம், பத்தரை மணிக்கு? வழக்கமா ஏழு மணிக்குத்தானே வந்து என்னை முறைச்சுட்டுப் போவீங்க?”

“மதகு திறந்திருக்கே?”

“திறந்துதான் இருக்கு.”

“நேத்து மூடியிருந்துது.”

“நேத்து நேத்து. இன்னைக்கு இன்னைக்கு.”

“வெளியே தண்ணியே இல்ல. உள்ளே எப்படி நிறைஞ்சிருக்கு?”

“குளத்துலேர்ந்து பம்பு போட்டு விடறோம். வெளியே ஓடறதைவிட வேகமா நிறையும். ஓதம் இருந்தா ஓதம், இல்லாட்டி பம்பு. மதியம் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அடைச்சிடுவேன்.”

“யார் சொல்லி?”

“சூப்பர்வைசர் சொல்லி. பின்ன, நானா எழுந்திருச்சுத் திறப்பேனா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

“எந்த நாள்ல திறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அய்யா, விளையாடறீங்களா? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க!”

காவலறைக்குள் கையைக் காட்டினார். உள்ளே போனேன். ஒரு மண்பானை, ஒரு கைவிளக்கு, ஆணியில் ஒரு சட்டை. எதிர்ச் சுவரில், ஈரம் படாமல் கண்ணாடித்தாள் உறை போட்டு, ‘கண்காணிப்பு நாள்கள்.’ சிவப்புக் கோடு. என் எழுத்து. கடந்த தேதிகளில் சிலவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி. மற்றவற்றின் பக்கத்தில் சுழியம்.

“சுழியம் போட்டிருக்கே, அது என்ன?”

“மேகம் போட்ட நாள். அன்னைக்குத் திறக்க வேண்டாம். மேகத்துக்குக் கீழே அதுக்குக் கண்ணு தெரியாதாமே? அதையும் நீங்கதான் அடியில எழுதியிருக்கீங்க.”

எழுதியிருந்தேன். ‘குறிப்பு: மேகமூட்டமுள்ள நாள்களில் எடுக்கப்படும் படம் பயன்படாது.’ வாசகர் ஐயமறப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அடிக்கோடும் இட்டிருந்தேன்.

“இந்தத் தாள் வர்றதுக்கு முந்தி என்ன பண்ணீங்க?”

“முந்தி எப்போ பார்ப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? பயந்துக்கிட்டு எப்பவும் திறந்தே போட்டிருந்தோம். எனக்கும் வேலை இல்ல, நிம்மதியா இருந்தேன். நீங்க ஒட்டின மறுவாரமே சூப்பர்வைசர் இதைப் பிச்சு எடுத்துட்டு வந்து, ‘இதுல இருக்கிற நாள் மட்டும் திற, மத்த நாள் மூடு’ன்னுட்டாரு. அதுலேர்ந்து இடுப்பு ஒடியுது எனக்கு.” பிறகு, என் முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்வதுபோல, “ஆனா ஒண்ணு சொல்லணும். எழுத்து முத்து முத்தா இருக்கு. இவ்வளவு தெளிவா எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் எழுத வராது” என்றார்.

வானத்துக் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று நம்பியிருந்தேன். அவர்கள் தண்ணீரைத் தூவியிருக்கிறார்கள். எப்போது தூவ வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தவன் நான்.

கரையிலிருந்து இறங்கி மரங்களின் அருகே போனேன். பம்பு நீர் கணுக்கால் அளவுகூட இல்லை. அதற்கடியில் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடப்பது தெரிந்தது. பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மேலே நீண்டிருக்கும் மூச்சுவேர்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு கிளையை வளைத்தேன், வளையாமல் முறிந்தது. மேலேயிருந்து பார்க்கும்போது இலை இன்னும் இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் அந்த இலைகளின் ஊடே வானம் தெரிகிறது.

வீட்டுக்கு வந்தேன். அன்று அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். மகனும் மதிய உணவுக்கு வந்திருந்தான். நின்றபடியே சொன்னேன்.

“மதகடிக்குப் போனேம்மா. அந்தத் தாளைப் பார்த்தேன்.”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “பார்த்துட்டீங்களா?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“பிப்ரவரி பதினெட்டுல படகு எடுத்துட்டு உள்ளே போனேன். ஓடையில தண்ணி இல்லாமப் படகு சேத்துல மாட்டிக்கிச்சு. நடந்து மதகுக்கு வந்து, தண்ணி குடிக்கலாம்னு அந்த ரூம்ல உட்கார்ந்தேன். எதிர்ல உங்க கையெழுத்து. பக்கத்துல வரிசையா டிக். அதுக்கப்புறம் பண்ணை ஜீப்புலதான் வீட்டுக்கு வர முடிஞ்சுது. வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன் மாமா.”

“அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நீங்க ஊர் முழுக்க ஒட்டினது எனக்குத் தெரியும். ஆனா மதகு ரூமுக்குள்ள, உறை போட்டு, அவ்வளவு பத்திரமா… நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்களோன்னு தோணிடுச்சு. மூணு வாரமா உங்களைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.”

“என்னையா?”

“நீங்க என்னைச் சந்தேகப்படலையா?”

தொலைபேசியில் அவள் ‘ரொம்ப வேண்டியவங்க’ என்று சொன்னது யாரை என்பது அப்போதுதான் விளங்கியது.

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நல்ல குடும்பம். இந்த வீட்டுல என்னை மட்டும் யாருமே சந்தேகப்படல. அந்த அளவுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லையா?”

அவள் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமா, அந்தத் தேதியெல்லாம் ரகசியம் இல்ல. யார் வேணும்னாலும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனா யாரும் போடல. நீங்க போட்டுக் குடுத்தீங்க.”

இவ்வளவு மரியாதையாக எவரும் என்னை இதுவரை கண்டித்ததில்லை.

பிறகு கணினியைத் திறந்து, நான் முன்பு காணாத படங்களைக் காட்டினாள். பட்டியல் ஒட்டப்படுவதற்கு முந்திய ஆண்டின் படங்கள் அவை. அவற்றில் உள்ளேயும் வெளியேயும் நீர் ஒன்றாக ஏறியது, ஒன்றாக வற்றியது. ஒட்டிய மறுவாரம் முதல் உள்ளே மட்டும் வற்றுவதே இல்லை. “படகுல போறதுக்கு முன்னாடியே எழுதி முடிச்ச அறிக்கை அது. தண்ணி இருக்குன்னுதான் எழுதினேன். எல்லாத்துலயும் இருக்கு, அதனால பயமில்லன்னு முடிவு பண்ணது தப்பு. எல்லாத்துலயும் இருக்கேன்னு பயந்திருக்கணும்” என்றாள்.

அன்று மாலையே அவள் தன் இயக்குநருக்கு எழுதினாள். என் குறிப்பேட்டையும் இணைத்தாள். பத்தாம் நாளும் பதினொன்றாம் நாளும் நான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மறுநாள் விடை வந்தது. படங்களில் உள்ள மாற்றம் ஐயத்துக்கு இடமளிக்கிறது. ஆயினும் அது மெய்ப்பிப்பு ஆகாது. நேரில் கண்ட சான்று வேண்டும். மாமனாரின் சான்று குடும்பத்தவர் சான்று என்பதால் ஏற்பதற்கில்லை. அலுவலகத்துக்கும் குடும்பத்துக்கும் தொடர்பில்லாத இருபது பேர், செயற்கைக்கோள் கடக்காத நாள்களில் மதகை நேரில் கண்டு, நாளும் நேரமும் குறித்துக் கையெழுத்திட்டால் காட்டின் நிலையை மறுபரிசீலனை செய்யலாம். மார்ச்சு இருபது என்ற கெடு ஏப்ரல் இருபது வரை தள்ளிவைக்கப்படும். தவறினால் அறிக்கை உள்ளபடியே போகும்; அவள் மறுத்தால் வேறொருவர் கையெழுத்திடுவார்.

விடையைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை தேடினேன். ஒன்றும் இல்லை. காவலறையில் உள்ள தாளை நான் தொடவில்லை, அது சான்று. மற்ற மூன்று இடங்களில் ஒட்டியவற்றை அன்றே கிழித்தெடுத்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி, “ஏன் சார் கிழிக்கிறீங்க, நல்லாத்தானே எழுதியிருக்கு?” என்று கேட்டார். நல்லா எழுதியதுதான் குற்றம் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

இதை அச்சிட்டால் பண்ணைக்காரர்களும் படித்துவிடுவார்களே என்று மகன் எச்சரித்தான். படிக்கட்டும். எந்த நாளில் எவர் வந்து நிற்பார் என்று தெரியாத அச்சத்தில் மதகை எந்நேரமும் திறந்தே வைத்தார்களானால், காட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இந்தப் பட்டியல் பிறப்பதற்கு முன் காட்டைக் காத்துக்கொண்டிருந்தது அந்த அச்சம்தான். அதைப் பறித்தவன் நான். அதைத் திருப்பிக் கொடுக்க என் ஒருவனால் ஆகாது.

ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் என் மருமகளுக்கு உறவினர் இல்லை. அந்த அலுவலகத்தில் பணிபுரிபவரும் இல்லை. மதகு, பேருந்து நிறுத்தத்திலிருந்து கால் மணி நேர நடை. போங்கள். மதகு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நாள், நேரம், கண்டது, உங்கள் பெயர்: நான்கே வரிகளில் எழுதிக் கையெழுத்திட்டு நூலகத்தில் வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். உங்கள் வாக்கியங்களை நான் திருத்தமாட்டேன். எந்த நாளில் போவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இனி ஒரு தேதியையும் நான் எழுதித் தரப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றிய நாளில், தோன்றிய நேரத்தில் போங்கள். போவதை யாரிடமும் சொல்லாதீர்கள். குறிப்பாக, என்னிடம் சொல்லாதீர்கள்.